இராயப்பர் கதிரை

திங்கட்கிழமை விடிய, பூவரசந்துறையில் இரண்டு பேர் தங்கள் தங்கள் கிணற்றடியில் குந்தியிருந்து கால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கோயில் மூப்பர் செபநாயகம். மற்றவர் சிமியோன் அண்ணாவியார். ஆளுக்கு ஆள் தெரியாமல், இரண்டு வளவுகளில், தேங்காய்ப் பொச்சும் மணலும் வைத்து, இரண்டு பேரும் வலது காலை மட்டும் தேய்த்தார்கள்.

இதைக் கேள்விப்பட்டதும் சங்கிலித்தாம் யாகப்பர் கோயில் வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

சங்கிலித்தாம் என்றால் கோயிலைத் திறந்து பூட்டி, மணி அடித்து, பூசைக்கு வேண்டியதை எடுத்து வைக்கிற ஆள். யாகப்பர் அந்த வேலையைத் தகப்பன் கையிலிருந்து வாங்கி இது முப்பத்தோராவது வருசம். ஆள் மெலிவு, குரல் அதைவிட மெலிவு. ஒருவருடைய முகத்தைப் பார்த்து இல்லையென்று சொல்ல அவருக்கு வராது. முதல்நாள் குருத்து ஞாயிற்றுப் பூசை முடிந்த கையோடு மூப்பர் வந்து ஒன்றைக் கேட்டார். யாகப்பர் தலையை ஆட்டினார். மூப்பர் முன்வாசலால் இறங்கிப் போக, பக்கவாசலால் அண்ணாவியார் ஏறி வந்து அதையே கேட்டார். யாகப்பர் ஆட்டிய தலையை நிறுத்தாமல் அவருக்கும் ஆட்டிவிட்டார்.

இரண்டு பேரும் கேட்டது இராயப்பர் கதிரையை.

பெரிய வியாழன் பின்னேரம், ஆண்டவர் தம்முடைய சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்து, பங்குச் சுவாமியார் பன்னிரண்டு ஆண்களைக் கதிரையில் இருத்தி, முழந்தாளில் நின்று அவர்களுடைய வலது காலைக் கழுவித் துடைப்பார். முதல் கதிரை தலைச்சீடரான இராயப்பருடையது. கடைசிக் கதிரை காட்டிக்கொடுத்த யூதாசுடையது. பூசைப் புத்தகத்தில் இப்படி ஒன்றும் எழுதியில்லை. பூவரசந்துறைச் சனம் தாங்களாகவே வைத்துக்கொண்ட ஒழுங்கு அது. பத்தொன்பது வருசமாக முதல் கதிரையில் இருந்த சந்தியாப்பிள்ளை தை மாதம் கண்ணை மூடிவிட்டார். தாழ்மையைக் காட்டுகிற சடங்கில் முதலிடம் யாருக்கு என்பதுதான் இப்போது வழக்கு.

மூப்பரும் அண்ணாவியாரும் கெட்ட மனிதர்கள் இல்லை. மூப்பருக்கு மூன்று வள்ளம். கோயிலுக்கு ஓடு போட்டது, மதில் கட்டியது எல்லாம் அவர் தலைமையில். அண்ணாவியாருக்கு இருக்கிறது ஒரு குரல். தவசு காலத்தில் அவர் வியாகுலப் பாட்டை எடுத்தால் சனம் முதல் அடி முடியமுதலே அழத் தொடங்கிவிடும். பிழை என்னவென்றால், சனம் இவர்களை வைத்த இடம். மூப்பர் எழும்பினால்தான் மூப்பர் பக்கத்துச் சனம் எழும்பும்; சுவாமியார் எழும்பியது கணக்கில் வராது. அண்ணாவியார் ஆமென் சொல்லும்வரை அவர் பக்கத்துச் சனம் வாயைத் திறக்காது. இதனால் பூவரசந்துறைக் கோயிலில் ஒவ்வொரு செபத்துக்கும் இரண்டு ஆமென்.

"ரெண்டு பேருக்கும் ஓம் எண்டு சொன்னனீங்களோ?" என்று கேட்டாள் யாகப்பரின் மனைவி யோசப்பின்.

"நான் எங்கை சொன்னனான்? தலையைத்தான் ஆட்டினனான்."

"அப்ப ஒருத்தற்ரை மடியிலை மற்றவரை இருத்துங்கோ."

யாகப்பர் முற்றத்தில் சாக்கை விரித்து இருந்து, பழப்புளியும் சாம்பலும் வைத்துக் கோயில் பேசினை மினுக்கிக்கொண்டிருந்தார்.

அந்தப் பேசினைப் பற்றி ஒரு சொல் சொல்லவேண்டும். பித்தளைப் பேசின், யாகப்பரின் தகப்பன் காலத்தது. பெரிய வியாழனில் கால் கழுவிய தண்ணீர் விழுகிற பாத்திரம். கோயில் சாமான்தான், ஆனால் கோயில் அலுமாரியில் கறுத்துப்போகும் என்று யாகப்பர் அதை வீட்டில், றங்குப் பெட்டிக்குள், பழைய பட்டு வேட்டியில் சுற்றி வைத்திருந்தார். கலியாணம் முடித்த புதிதில் யோசப்பின் தெரியாமல் அதில் அரிசி களைந்துவிட்டாள். யாகப்பர் எட்டு நாள் அவளோடு கதைக்கவில்லை. எண்பத்தேழில் ஷெல் விழுந்து ஊரே எழும்பி ஓடியபோது, ஆட்கள் பிள்ளைகளையும் காப்புச் சங்கிலியையும் தூக்கிக்கொண்டு ஓட, யாகப்பர் பேசினைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினார். பங்கீட்டு அட்டை வீட்டில் கிடந்தது. லியோன் சுவாமி இந்த மாசியில் பங்குக்கு வந்த முதல் நாளே, "வடிவான சாமான்" என்று அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். யாகப்பர் கைக்குழந்தையை வாங்குவதுபோல மரியாதையாக அதைத் திருப்பி வாங்கிக்கொண்டார். பித்தளையில் விரல் அடையாளம் விழுந்தால் போக்குவது கஷ்டம்.

மினுக்கி முடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, யாகப்பர் சுவாமியார் வீட்டுக்குப் போனார்.

லியோன் சுவாமி மானிப்பாய்ப் பக்கத்து ஆள், வயது முப்பத்துநாலு, சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். குசினி வாசலில் கத்தரீனா அரிசியில் கல் பொறுக்கினாள். நாலு சுவாமிமாருக்குச் சமைத்துப் போட்டவள் அவள். நாளுக்கு நாலு சொல் கதைத்தால் அதிகம்.

யாகப்பர் விசயத்தைச் சொன்னார். தலை ஆட்டியதை மட்டும் கொஞ்சம் குறைத்துச் சொன்னார்.

"நான் ஒருத்தரையும் தெரிஞ்செடுக்க மாட்டன், யாகப்பர்," என்றார் சுவாமி. "ஒருத்தரை இருத்தினால் மற்றவற்ரை பக்கம் உயிர்ப்புப் பூசைக்கு வராது. பெரிய வெள்ளிக்கு ஆண்டவற்ரை சுரூபத்தைத் தூக்கத் தோளும் இராது. புதன்கிழமைக்குள்ளை அவையே இணங்கி வரட்டும். இல்லாட்டில் இந்த முறை கால் கழுவுறதை விட்டிடுவம். அது கட்டாயமில்லை."

"விடுறதோ, சுவாமி?"

வருசத்தில் முந்நூற்று அறுபத்து நாலு நாளும் யாகப்பர் ஒருவர் கண்ணிலும் படாத மனிதர். மணி அடிக்கும்போது சனம் மணியைத்தான் கேட்கும். அந்த ஒரு பின்னேரம் மட்டும், வெள்ளைச் சால்வையோடு, சுவாமியாருக்குப் பக்கத்தில், பேசினை ஏந்திக்கொண்டு பன்னிரண்டு கதிரைக்கும் முன்னால் அவர் நடப்பார். ஊர் முழுக்கப் பார்க்கும். அதை விட்டால் அவருக்கு வருசமே இல்லை.

"வேண்டாம், சுவாமி. நான் இணக்கி வைக்கிறன்," என்றார்.

கத்தரீனா ஒரு கல்லை எடுத்து முற்றத்தில் எறிந்தாள்.

அன்று பின்னேரம் ஒத்திகை. யாகப்பர் பன்னிரண்டு கதிரையையும் நேர்கோட்டில் வைக்காமல் வட்டமாக வைத்தார். வட்டத்துக்கு முதல் ஏது, கடைசி ஏது என்று அவருக்கு உள்ளுக்குள்ளே பெரிய சந்தோசம். மூப்பர் வந்தார், வட்டத்தைச் சுற்றி ஒருதரம் நடந்தார், பீடத்துக்குக் கிட்ட இருந்த கதிரையில் கையை வைத்தார். அண்ணாவியார் வந்தார், சுற்றி நடக்காமலே அதே கதிரையின் மற்றக் கையைப் பிடித்தார்.

"நற்கருணைக்குக் கிட்ட இருக்கிறதுதான் முதல் கதிரை, யாகப்பண்ணை," என்றார் அண்ணாவியார்.

"அது சரி," என்றார் மூப்பர். "ஆனால் இது என்ரை வீட்டுக் கதிரை."

அதுவும் உண்மைதான். கோயில் கதிரைகளில் பாதி ஷெல்லில் போய்விட்டதால், வீடுகளில் இரவல் வாங்கித்தான் பன்னிரண்டு நிரப்பினது. மூப்பர் தன் வீட்டுக் கைபிடிக் கதிரையை அனுப்பியிருந்தார், முதுகில் பூவேலை செய்தது. செவ்வாய் காலை யாகப்பர் கோயிலைத் திறந்தபோது அதற்குப் பக்கத்தில் சிவப்பு வெல்வெற் போட்ட இன்னொரு கதிரை நின்றது. மூடிக்கிடந்த படப்பிடிப்பு ஸ்ரூடியோவில் மாப்பிள்ளை பொம்பிளை இருந்து படம் எடுக்கிற கதிரை அது. அண்ணாவியார் பக்கத்தார் இரண்டு சைக்கிளை இணைத்துக் கட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். மத்தியானம் பார்த்தால் மூப்பருடைய கதிரையின் காலுக்குக் கீழே நாலு செங்கட்டி.

யாகப்பர் எல்லாக் கதிரையையும் வெளியே தூக்கி வைத்துவிட்டு இரண்டு நீட்டு வாங்குகளை இழுத்துப் போட்டார். வாங்குக்கு ஏற்றத் தாழ்வு இல்லை. ஆனால் வாங்குக்கு நுனி இருந்தது. மாலைக்குள் நுனிக்கு இரண்டு பேர் வந்துவிட்டார்கள்.

"சுவாமி," என்று யாகப்பர் சைக்கிளுக்குப் பின்னால் ஓடினார். "இண்டைக்குப் பூசையிலை ஒரு பிரசங்கம் வையுங்கோ. தாழ்மையைப் பற்றி. கொஞ்சம் உறைக்க."

சுவாமி வைத்தார். முதல்வனாய் இருக்க விரும்புகிறவன் எல்லாருக்கும் கடைசியாய் இருக்கட்டும் என்று ஆண்டவர் சொன்னதை எடுத்து, அடக்கமாக, ஒருவர் பெயரும் சொல்லாமல், நெஞ்சில் படும்படி சொன்னார். மூப்பர் சால்வையால் கண்ணைத் துடைத்தார். அண்ணாவியார் பெருமூச்சு விட்டார், அதுவும் இராகத்தோடு. யாகப்பர் அன்றிரவு ஒரு கோப்பை கஞ்சி கூடக் குடித்தார்.

புதன் விடிய மூப்பர் வாசலில் நின்றார்.

"யாகப்பு, சுவாமியாற்ரை பிரசங்கம் என்னைக் குத்திப்போட்டுது. எனக்கு முதல் கதிரை வேண்டாம்."

யாகப்பர் இரண்டு கையையும் கூப்பினார்.

"கடைசிக் கதிரையைத் தாரும்," என்றார் மூப்பர்.

கூப்பிய கை அப்படியே நின்றது. "மூப்பர், அதைத்தானே இப்ப அண்ணாவியாரும் வந்து கேட்டிட்டுப் போறார்."

"அவரோ? அவருக்குக் கடைசிக் கதிரைக்கு என்ன தகுதி இருக்கு? பூவரசந்துறையிலை என்னை விடத் தாழ்மையான ஆள் ஆர் எண்டு நீர் சனத்தைக் கேட்டுப் பாரும்."

சனத்தையும் கேட்டார்கள். மூப்பர் பக்கத்தார் மூப்பருடைய தாழ்மைக்கு மூன்று சாட்சி கொண்டுவந்தார்கள். அண்ணாவியார் பக்கத்தார் ஐந்து கொண்டுவந்தார்கள். யாகப்பர் இரண்டு பக்கத்துக்கும் இடையில் வெயிலில் நடந்து நடந்து, செருப்பும் அறுந்து, வெறுங்காலோடு கடைசிக் கதிரைக்காரனைத் தேடிப் போனார்.

கடைசிக் கதிரையில் ஒன்பது வருசமாக இருந்தவன் வலை பொத்துகிற அடைக்கலநாதன். வேறு ஒருவரும் ஏற்காதபடியால் அவன் தலையில் கட்டிவிட்ட கதிரை. அவன் கரையில் வலையை விரித்து வைத்து ஊசி ஓட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி, இந்த முறை நீ நடுவிலை எங்கையாவது இரன்," என்றார் யாகப்பர்.

"ஏன்?"

"கடைசிக் கதிரையை மூப்பர் கேக்கிறார். அண்ணாவியாரும் கேக்கிறார்."

அடைக்கலநாதன் ஊசியை நிறுத்தினான். "ஒன்பது வருசமா என்ரை பிள்ளையளை யூதாசின்ரை பிள்ளையள் எண்டு பகிடி பண்ணக்குள்ளை ஒருத்தரும் வரேல்லை. நானும் வேண்டாமெண்டு சொல்லேல்லை. இப்ப அதுக்கு மதிப்பு வந்தவுடனை பறிக்க வாறியளோ? நான் தரமாட்டன், யாகப்பண்ணை. அது என்ரை கதிரை."

விடியமுதல் இரண்டு பேராக இருந்த வழக்கு இப்படி மூன்று பேராகிவிட்டது.

யாகப்பருக்கு மிஞ்சியிருந்தது ஒரே வழி. மத்தியானச் செபம் முடிந்ததும் பன்னிரண்டு கதிரைக்கும் சீட்டுக் குலுக்குவதாக அறிவித்தார். யூதாசுக்குப் பதில் ஆள் எடுக்க அப்போஸ்தலர்களே சீட்டுப் போட்டவர்கள்தானே என்று எல்லாரும் சம்மதித்தார்கள். சீட்டுப் போடுவதற்குப் பேசினை எடுத்துவரச் சொன்னார் ஒருவர். யாகப்பருக்கு முகம் மாறிவிட்டது. வீட்டிலிருந்து ஒரு பனையோலை மூடற்பெட்டியைக் கொண்டுவந்தார்.

சீட்டு எழுதும்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. ஒன்றும் பன்னிரண்டும்தான் சண்டை. அவை இரண்டும் இல்லாவிட்டால் சண்டை இல்லை. எனவே ஒன்றையும் பன்னிரண்டையும் எழுதாமல் விட்டு, எண்ணிக்கை குறையாமல் இருக்க ஆறையும் ஏழையும் இன்னொருதரம் எழுதினார்.

"உது சரிவராது," என்றாள் யோசப்பின், தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து.

"நல்ல காரியத்துக்குத்தானே," என்றார் யாகப்பர்.

மூப்பர் எடுத்தார், ஆறு. அண்ணாவியார் எடுத்தார், அவருக்கும் ஆறு. ஒரே எண்ணை இரண்டு பேரும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்க, அடைக்கலநாதன் மற்றவர்களுடைய சீட்டுகளை வாங்கி, வலைக்கண் எண்ணுகிற கவனத்தோடு எண்ணினான்.

"ஒண்டு ஆருக்கு?" என்று கேட்டான்.

ஒருவரும் கை உயர்த்தவில்லை.

"பன்னிரண்டு?"

பன்னிரண்டு பேரும் திரும்பி யாகப்பரைப் பார்த்தார்கள். யாகப்பர் மூடற்பெட்டியைப் பார்த்தார்.

"இது அண்ணாவியார் பக்கத்தின்ரை வேலை," என்றார் மூப்பர்.

"மூப்பர் சொல்லிக் குடுத்துத்தான் எழுதினது," என்றார் அண்ணாவியார்.

உயிர்ப்புப் பூசைக்குப் பட்டினத்துப் பெரிய கோயிலுக்குப் போவதென்று இரண்டு பக்கமும் தனித்தனியே முடிவு செய்தது. அந்த ஒரு விசயத்தில்தான் இரண்டு பக்கத்துக்கும் ஒற்றுமை.

யாகப்பர் சுவாமியார் வீட்டு விறாந்தையில் போய் நின்றார். வெட்கத்தில் அவருடைய குரல் இன்னும் மெலிந்து போயிருந்தது. எல்லாவற்றையும் சொன்னார், இந்த முறை தலை ஆட்டியதையும் சேர்த்து.

"கள்ளச் சீட்டோ, யாகப்பர்? பெரிய கிழமையிலையோ?"

"கால் கழுவுறது நிண்டுபோகக் கூடாது எண்டுதான், சுவாமி."

"ஏன் நிக்கக் கூடாது?"

யாகப்பர் யோசித்தார். "ஆண்டவர் செய்த வேலையெல்லோ, சுவாமி."

"ஆண்டவர் செய்த வேலை," என்று சுவாமி திருப்பிச் சொன்னார். குசினிப் பக்கம் ஒருதரம் பார்த்தார். கத்தரீனா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். "சரி. நாளைக்குக் கால் கழுவுவம். கதிரையை நான் வைக்கிறன். நீங்கள் பேசினைக் கொண்டுவந்தால் காணும்."

யாகப்பருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வீட்டுக்குப் போய் மினுக்கிய பேசினை இன்னொருதரம் மினுக்கினார்.

வியாழன் பின்னேரம் நாலு மணிக்கே கோயில் நிரம்பிவிட்டது. பட்டினத்துக்குப் போவோம் என்றவர்கள் எல்லாரும், என்ன நடக்கிறதென்று பார்த்துவிட்டுப் போவோம் என்று வந்திருந்தார்கள். இடப் பக்கம் மூப்பர் பக்கம். வலப் பக்கம் அண்ணாவியார் பக்கம். தெரிந்தெடுத்த பன்னிரண்டு ஆண்களும் தோய்த்து உலர்த்திய வேட்டியோடு, யுத்தத் தடையால் சவுக்காரம் கண்ணால் காண முடியாத அந்தக் காலத்திலும் வலது கால் பளபளக்க நின்றார்கள். இடது கால்கள் பழையபடிதான்.

பீடத்துக்கு முன்னால் ஒரே ஒரு கதிரை நின்றது. அதுவும் கத்தரீனா குசினியில் இருந்து மீன் வெட்டுகிற கதிரை. பிரம்பு அறுந்த இடத்தில் கயிறு கட்டியிருந்தது.

பிரசங்கம் முடிந்ததும் லியோன் சுவாமி மேற்போர்வையைக் கழற்றி வைத்து, இடுப்பில் துவாயைக் கட்டினார்.

"மூப்பர், வாருங்கோ," என்றார். "அண்ணாவியார், நீங்களும் வாருங்கோ."

இரண்டு பேரும் வந்தார்கள். இரண்டு பேரும் அந்த ஒற்றைக் கதிரையைப் பார்த்தார்கள். கோயிலில் ஒருவரும் இருமவில்லை. யாகப்பர் சால்வையைச் சரிசெய்துகொண்டு, பேசினை நெஞ்சோடு ஏந்தி, தன் இடத்தில் நிமிர்ந்து நின்றார்.

"அண்ணாவியார், நீங்கள் செம்பிலை தண்ணி ஊத்துங்கோ. மூப்பர், நீங்கள் பேசினைப் பிடியுங்கோ. யாகப்பர், நீங்கள் வந்து கதிரையிலை இருங்கோ."

யாகப்பருக்குக் கேட்டது, விளங்கவில்லை. "ஆர், சுவாமி?"

"நீங்கள்தான்."

"நான் பேசின் பிடிக்கிறனானெல்லோ."

"இண்டைக்கு மூப்பர் பிடிப்பார்."

"அவருக்குப் பழக்கமில்லை, சுவாமி. ஒரு பக்கம் கொஞ்சம் சரிச்சுப் பிடிக்கவேணும். தண்ணி கம்பளத்திலை ஊத்துப்பட்டிடும்."

மூப்பர் பேசின் விளிம்பில் கை வைத்தார். "விடும், யாகப்பு. நான் பாத்துப் பிடிக்கிறன்."

"வேண்டாம் மூப்பர். உங்களுக்கு முழங்கால் நோ."

"முழங்கால் என்ரை. விடும்."

யாகப்பர் விடவில்லை. மூப்பர் கொஞ்சம் இழுத்தார். யாகப்பரும் கொஞ்சம் இழுத்தார். மெலிந்த ஆளுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததென்று தெரியாது, மூப்பர் ஓரடி முன்னால் வந்துவிட்டார். இதைப் பார்த்துக்கொண்டு நின்ற அண்ணாவியார் செம்பைக் கீழே வைத்தார்.

"யாகப்பண்ணை, விடுங்கோ. சனமெல்லாம் பாக்குது," என்று அவரும் விளிம்பைப் பிடித்தார்.

"நீர் அங்காலைப் பக்கம் பிடியும்," என்றார் மூப்பர்.

"பிடிச்சிட்டன். நீங்கள் அந்த விரலை எடுத்துவிடுங்கோ."

"எந்த விரல்?"

"பெருவிரல்."

ஆறு வருசமாக ஒரு பக்கத்தில் நிற்காத இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் நின்று இழுத்தார்கள். இரண்டு பக்கத்துச் சனமும் கழுத்தை நீட்டியது. பெண்கள் பக்கமிருந்து யோசப்பினின் குரல் மெதுவாக வந்தது, ஆனால் அந்த அமைதியில் எல்லாருக்கும் கேட்டது.

"விடுங்கோவன். அது எங்கை ஓடப்போகுது."

யாகப்பரின் கை தளர்ந்தது. பேசின் மூப்பர் கைக்கு மாறுகிற போது பீடத்துப் படியில் ஒருதரம் அடிபட்டது. அந்தச் சத்தம் யாகப்பருக்குத் தன் எலும்பில் கேட்டது. பிறகு அவருக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. போய்க் கதிரையில் இருந்தார்.

அப்போதுதான் காலை நினைத்தார். ஊரில் எல்லாரும் கிழமை முழுக்கக் கால் தேய்க்க, அவர் கிழமை முழுக்க நடந்தவர். குதி வெடித்துக்கிடந்தது. புழுதி கணுக்கால்வரை ஏறியிருந்தது. இரண்டு காலையும் கதிரைக்குக் கீழே இழுத்துக்கொண்டார்.

"என்ரை காலை வேண்டாம், சுவாமி. நீங்கள் தொடக்கூடாது."

லியோன் சுவாமி முழந்தாளில் நின்றுகொண்டு சிரித்தார். "இராயப்பரும் இதைத்தான் சொன்னவர். காலை நீட்டுங்கோ."

அண்ணாவியார் மெல்லிய நூலாகத் தண்ணீரை வார்த்தார். மூப்பர் இரண்டு முழந்தாளிலும் நின்று பேசினைப் பிடித்தார். யாகப்பரின் சுண்டுவிரல் தன்பாட்டில் ஆடியது, ஒரு பக்கம் சரியுங்கோ என்று. மூப்பர் அதைப் பார்த்துச் சரித்தார். தண்ணீர் குளிர்ந்திருந்தது. அந்தத் தண்ணீரின் பாரம் யாகப்பருக்கு முப்பத்தொரு வருசமாகத் தெரியும். குளிர் அன்றைக்குத்தான் தெரிந்தது. சுவாமியார் குனிந்து வெடித்த குதியைத் துவாயால் ஒற்ற, யாகப்பர் வாயை இறுக்கிப் பார்த்தார், முடியவில்லை, அழுதுவிட்டார். அதைக் கண்டு அண்ணாவியார் அழுதார். அண்ணாவியார் அழுதால் இரண்டு பக்கத்திலும் அழாமல் இருக்க ஏலாது.

பிறகு அடைக்கலநாதன் வந்து அதே கதிரையில் இருந்தான். அவனுக்குப் பின்னால் மற்றவர்கள். ஒரே கதிரையென்றபடியால் எது முதல், எது கடைசி என்று ஒருவரும் எண்ணவில்லை. மூப்பருடைய முறை வந்தபோது அண்ணாவியார் பேசினைப் பிடித்தார். அண்ணாவியாருடைய முறைக்கு மூப்பர் பிடித்தார். இடையில் இரண்டு தரம் யாகப்பர் பழக்கத்தில் கையை நீட்டினார். "இரும், நான் பிடிக்கிறன்" என்று மூப்பர் இரண்டு தரமும் சொல்லிவிட்டார். முடிவில் சுவாமியார் செபம் சொல்ல, பூவரசந்துறைக் கோயிலில் ஒரே ஒரு ஆமென் கேட்டது. மூப்பரும் அண்ணாவியாரும் ஆளுக்கு ஆள் முந்த மறந்துபோனார்கள்.

பூசை முடிந்து சனம் கலைந்தபோதும் பொழுது படவில்லை. நாளைக்கு ஆண்டவரின் சுரூபத்தைத் தூக்குவதற்கு எந்தத் தோள் எங்கே என்று மூப்பரும் அண்ணாவியாரும் பூவரச மரத்தடியில் நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். யாகப்பர் பேசினை எடுத்துக்கொண்டு சுவாமியார் வீட்டுக் குசினிப் படியில் வந்து இருந்தார். விளிம்பில் ஒரு நெளிவு விழுந்திருந்தது. பெருவிரலால் அதைத் தடவினார். ஆனாலும் மனம் நிறைந்திருந்தது.

"பெருமை பொல்லாத சாமான், கத்தரீனா," என்றார். "ஒரு கதிரைக்காக அந்த ரெண்டு பேரும் ஒரு கிழமையா என்னைப் படுத்தின பாடு. நல்ல காலம், சுவாமியார் வயசு குறைவெண்டாலும் விளக்கமான மனுசன். ஒண்டுக்கும் ஆசைப்படாத ஆளாப் பாத்து இருத்தினால்தான் அவைக்குப் புத்தி வருமெண்டு கண்டுபிடிச்சிட்டார்."

கத்தரீனா கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு, நெளிவைப் பார்ப்பதற்குக் கையை நீட்டினாள். யாகப்பர் தன்னை அறியாமல் பேசினை நெஞ்சோடு இழுத்துக்கொண்டார்.

கத்தரீனா நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, ஒரு கிழமைக்கு வைத்திருந்த சொற்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, ஆதரவாகச் சொன்னாள்:

"போன சுவாமி இந்தச் சுவாமிக்கு ஒரு கடிதம் எழுதி வைச்சிட்டுப் போனவர், யாகப்பண்ணை; 'மூப்பரும் அண்ணாவியாரும் கதிரைக்கு அடிபடுவினம், அதுக்குப் பயப்பிடவேண்டாம், அந்த ரெண்டு பேரையும் ஒண்டாச் சேத்து இழுக்க வைச்சால்தான் யாகப்பற்ரை கையிலை இருந்து பேசினை வாங்கலாம்' எண்டு."